வரிசையாக இருந்த பதினேழு குவியல்கள்

ஓடுகிறேன். முதுகில் லூக்காஸ். என்னைவிடப் பத்து கிலோ கனம். அவனுடைய வலது பூட்ஸ் ஒவ்வொரு எட்டுக்கும் என் தொடையில் இடிக்கிறது. இடது பூட்ஸ் இடிக்கவில்லை. ஏன் இடிக்கவில்லை என்று யோசிக்காதே. ஓடு.

டொப்.

இடப்பக்கம், வாதுமைத் தோப்புக்குள்ளிருந்து. காலி டிரம்முக்குள் தேங்காய் விழுந்த மாதிரி. மோர்ட்டார் குண்டு குழாயை விட்டுக் கிளம்பும் சத்தம் அது. கிளம்பியதும் எண்ண வேண்டும். முதல் குண்டு விழப் பதினெட்டு எண்ணினேன். இரண்டாவதற்கும் பதினெட்டு. பதினைந்தில் படுத்துவிட வேண்டும்.

"டெக்குங்! டெக்குங்!"

பின்னால் யாரோ அலறுகிறார்கள். மறைந்துகொள் என்று அர்த்தம். எங்கே மறைய. தரை வெள்ளை. தட்டை. ஒரு புதர் கிடையாது, ஒரு கல் கிடையாது. உவர் பூத்த பொட்டல். மிதித்தால் மேல்தோல் அப்பளமாக நொறுங்குகிறது. அந்த நொறுங்கும் சத்தம் எனக்குத் தெரியும். நடக்கப் பழகியதிலிருந்து தெரியும்.

பதின்மூன்று. பதினான்கு.

விழுந்தேன். லூக்காஸ் என் மேல். வாய் நிறைய உப்பு. நம் உப்பு இல்லை. சோப்பைக் கடித்தது போல் ஒரு கசப்பு. தலைக்கு முன்னால் ஒரு சின்னக் குவியல், முழங்கால் உயரம்கூட வராது. அதற்குப் பின்னால் முகத்தை நுழைத்துக்கொண்டேன். அதற்கு அப்பால் இன்னொரு குவியல். அதற்கும் அப்பால் இன்னொன்று. வரிசையாக.

வெடித்தது. சத்தமாகக் கேட்கவில்லை. காதுக்குள் ஒரு கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். பிறகு மண் மழை. பிறகு நீளமான ஓர் இரைச்சல், கேஸ் அடுப்பை அணைக்க மறந்தது போல.

கண்ணைத் திறந்தேன். ஒரு முழத் தூரத்தில் ஒரு பலகை. நீளக் கம்பின் நுனியில் குறுக்கே அறைந்த பலகை. கம்பைப் பிடித்தபடி ஒரு கை. கையோடு ஆளும் இருந்தான். குப்புறக் கிடந்தான். கம்பை விடவில்லை.

உப்பு வாரும் பலகை.

செவ்வாய்க்கிழமை. செப்டம்பர் மாதம். காலை ஆறு மணி இரண்டு நிமிஷம். வடக்கு ஆப்கானிஸ்தான். நான் ஜெர்மன் ராணுவத்தில் ஓபர்கெஃப்ரைட்டர். சிப்பாய்க்கு இரண்டு படி மேலே. உத்தரவு போடுகிற எவனுக்கும் கீழே.

இந்த முந்நூறு மீட்டர் ஓட்டத்துக்குத்தான் எனக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். லூக்காஸ் பிழைத்தான். ஓட்டம் பொய்யில்லை. அந்த ஓட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் காகிதம்.

*

நான் மரக்காணம். அம்மா சரோஜா, உப்பளக் குடும்பம். ஆரோவில்லில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே தச்சு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அவர் ஊருக்குத் திரும்பிப் போனார். எனக்கென்று ஒரு பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் போனார். அவர் விட்டுப் போனதில் உருப்படி அது ஒன்றுதான்.

பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நான் மாமாவின் குத்தகை அளத்தில் உப்பு வாரினேன். ஒன்பது வருஷம். பக்கத்துப் பாத்தியில் அஞ்சலை. என் வயது, என்னைவிட வேகம். "ஏன்டா ஜெர்மனி, பலகைய புடிக்கிறியா, பொண்டாட்டி கைய புடிக்கிறியா?" என்பாள். பாத்தி முழுக்கச் சிரிக்கும். ஊரில் என் பெயர் ஜெர்மனி. அதைத் தவிர வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை.

உப்பு வாருவதில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வரப்பில் நிற்க வேண்டும். கம்பை நீட்டி, பலகையால் உப்பைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கம்பு எட்டும் மட்டும் இழுத்துக் கூட்டினால் ஒரு குவியல். பிறகு நகர வேண்டும், கம்பு நீளத்துக்கு. அங்கே அடுத்த குவியல். யாரும் அளந்து வைப்பதில்லை. கம்பு அளக்கிறது. அதனால் எந்த அளத்தில் பார்த்தாலும் குவியல்கள் ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதுவும் விடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. வெயில் ஏறினால் கண் கூசும். பாதத்தில் வெடித்த இடமெல்லாம் எரியும்.

இருபத்தொரு வயதில் போனேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, ஒரு குடோனில் பெட்டி அடுக்கும் வேலை. மூன்று குளிர்காலம். பிறகு ராணுவத்தில் சேர்ந்தேன். ஏன் என்று கேட்டால் அழகான பதில் கிடையாது. சூடான பூட்ஸ் கொடுத்தார்கள். என் காலுக்கு யாரும் அதுவரை பூட்ஸ் அளவு எடுத்ததில்லை.

*

ஏப்ரல். ஆப்கானிஸ்தானில் மூன்றாவது வாரம். வியாழக்கிழமை, காலை ஏழு இருபது. எங்கள் கவச வண்டி ஒரு மண் சாலையில் போகிறது. நான் மேலே, துப்பாக்கிக்காரனுக்குப் பக்கத்தில், தரையைப் பார்க்கும் வேலை. சாலையின் இரண்டு ஓரமும் உவர் பூத்து வெள்ளை. ஓர் இடத்தில் மட்டும் வெள்ளை இல்லை. ஒரு தாம்பாள அளவு.

"நிறுத்து!" என்று கத்தினேன். தமிழில்.

ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. குரல் தெரிந்திருக்கிறது. நிறுத்தினான்.

உவர்த் தோல் கிழிந்தால் திரும்பப் பூக்க நாள் ஆகும். இரண்டு நாளைக்கு முன்னால் பெய்த தூறலுக்கு எல்லா இடமும் பூத்திருக்கிறது, அங்கே மட்டும் பூக்கவில்லை. அப்படியென்றால் நேற்றுத் தோண்டி மூடியிருக்கிறார்கள். இது படிப்பில்லை. அளத்தில் நாய் நடந்தால்கூட எப்போது நடந்தது என்று சொல்வோம்.

கண்ணிவெடி ஆட்கள் வந்து எடுத்தார்கள். சமையல் எண்ணெய் கேன் இரண்டு, நிறைய வெடிமருந்து. வண்டியில் ஆறு பேர் இருந்தோம். சாயங்காலம் ஆறு பேரும் என் தட்டில் தங்கள் இனிப்பை எடுத்து வைத்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் ஸால்ட்ஸ். உப்பு. சாலையில் சந்தேகம் வந்தால் ரேடியோவில் சொல்வார்கள்: ஸால்ட்ஸைக் கேள்.

எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே மறைக்க ஒன்றுமில்லை. ரொம்பப் பிடித்திருந்தது. ஊரில் நான் ஓர் அவமானத்தின் பெயர். அங்கே ஒரு வித்தையின் பெயர். கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

*

அந்தச் செவ்வாய். ஐந்து நாற்பத்தாறு. இரண்டு வண்டிகள் ஒரு மேட்டில் நிற்கின்றன. எங்கள் குழு ஒரு பாலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் சூரியன் வரவில்லை. சாம்பல் வெளிச்சம். பாலத்திலிருந்து இருநூறு அடி தள்ளி, உவர்ப் பொட்டலில், மூன்று பேர். குனிகிறார்கள். நிமிர்கிறார்கள். கையில் நீளமாக ஏதோ. ஒரு கழுதை.

தூரநோக்கி என் கையில். தரை தெரிந்தது. வெள்ளைத் தோல் கிழிந்து கறுப்பாக ஒரு பட்டை.

"தோண்டுகிறார்கள். மூன்று பேர்," என்றேன்.

ரேடியோவில் தலைவரின் குரல். உறுதியா, ஸால்ட்ஸ்?

"உறுதி."

அந்த வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. ஐந்து நாற்பத்தாறு.

அனுமதி மேலே போகிறது. மேலேயிருந்து கேள்வி வருகிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரம், அருகில் வீடு உண்டா. லூக்காஸ் துப்பாக்கியின் மூடியைத் திறந்து மூடுகிறான். க்ளிக். க்ளிக். ஐந்து நாற்பத்தேழு. வெளிச்சம் ஒரு சுற்று ஏறுகிறது. நான் மறுபடி தூரநோக்கியை வைக்கிறேன்.

குவியல்கள் தெரிகின்றன.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. வெள்ளைக் குவியல்கள். ஒரே இடைவெளி. நூல் பிடித்த மாதிரி. குண்டு புதைப்பவன் மண்ணை வெளியே குவிக்க மாட்டான். குவித்தாலும் வரிசையாகக் குவிக்க மாட்டான். ஒருவன் நிமிர்ந்து முதுகில் கையை வைத்து வளைந்தான். அந்த வளைவைக்கூட எனக்குத் தெரியும். என் மாமா அப்படித்தான் வளைவார், பத்துக் குவியலுக்கு ஒரு தடவை.

எண்ணினேன். பதினேழு.

ஐந்து நாற்பத்தெட்டு. வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும். பொறு. ஜெர்மனில் அது இன்னும் சின்ன வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது.

அப்போது நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் ஸால்ட்ஸ் என்று இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். இதுதான் நினைத்தேன். மூன்று பேரைப் பற்றி நினைக்கவில்லை. என் பெயரைப் பற்றி நினைத்தேன். அதற்குப் பிறகு, மேலே இருப்பவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். அது இன்னும் கேவலம். நான் சொல்ல வேண்டியதை வேறொருவன் சொல்வான் என்று காத்திருந்தேன்.

ஐந்து நாற்பத்தொன்பது. க்ளிக்.

ஐந்து ஐம்பது. அனுமதி வந்தது.

லூக்காஸின் துப்பாக்கி தனித்தனியாகச் சுடாது. துணி கிழிகிற மாதிரி ஒரே சத்தம். நீளத் துணி. மூன்று கிழிப்பு. வெள்ளையில் தூசி எழுந்தது. அடங்கியபோது மூன்று பேரும் நிற்கவில்லை. கழுதை நின்றது, பிறகு உட்கார்ந்தது, பிறகு கத்த ஆரம்பித்தது.

யாரோ என் ஹெல்மெட்டைத் தட்டினார்கள். சபாஷ் என்று.

பார்க்கப் போனோம். நான், லூக்காஸ், இன்னும் இரண்டு பேர். ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் தோப்புக்குள்ளிருந்து முதல் 'டொப்'. அங்கே உண்மையிலேயே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். எங்கள் துப்பாக்கிச் சத்தம்தான் அவர்களுக்கு எங்களைக் காட்டிக்கொடுத்தது. லூக்காஸின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மறைவை நோக்கி ஓடினேன். ஓடி எங்கே விழுந்தேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

அந்தக் குவியல் எனக்கு வந்த சிதறல்களை வாங்கிக்கொண்டது. என் தலை இன்றைக்கு இருக்கிறதென்றால் அவன் கூட்டி வைத்த உப்பால் இருக்கிறது. கம்பை விடாத அந்தக் கையிலிருந்து ஒரு முழத்தில் நாற்பது நிமிஷம் கிடந்தேன். கழுதை நாற்பது நிமிஷமும் கத்தியது. ஆறு நாற்பத்திரண்டுக்கு நின்றது.

*

விசாரணை நடந்தது. சுத்தமான அறை. மேஜையில் பிஸ்கட். மொழிபெயர்ப்பாளர் ஹமீத், அந்தப் பக்கத்து ஊர்க்காரர், என் எதிரே. அந்த மூன்று பேரும் தோல் பதனிடுவதற்கு உவர் உப்பு வாருபவர்கள் என்றார். அண்ணன், தம்பி, அவர்களின் மச்சான். விடியலில்தான் வாருவார்களாம். பனி ஈரத்தில் பூத்தது ஒட்டியிருக்கும். காற்று கிளம்பினால் பறந்துவிடும். ஹமீத் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்.

அதிகாரி எழுதினார். பிறகு நிமிர்ந்து, ரொம்பக் கனிவாக, எனக்குச் சொன்னார்: உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான் தலையாட்டினேன்.

அந்த மூன்று பேரின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹமீத் சொல்லியிருப்பார். கேட்டால் சுமக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பதக்கம் அடுத்த வருஷம். நவம்பர், திங்கட்கிழமை, பதினொரு மணி. கண்ணாடிக் கூரை போட்ட மண்டபம். குத்தியவரின் விரல் ஜில்லென்று இருந்தது. வாசித்தார்கள். எதிரியின் தயாரிப்பை முன்கூட்டிக் கண்டறிந்தவர். கடும் தாக்குதலுக்கு நடுவில் தோழனைச் சுமந்தவர். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி. மூன்று பேரும் அந்தப் புள்ளிக்குள் கிடக்கிறார்கள். பிறகு கேக். மேலே கிரீம், வெள்ளையாக, சின்னச் சின்னக் குவியலாக, வரிசையாகப் பிழிந்திருந்தார்கள். கழிவறைக்கு ஓடினேன். பதக்கம் குத்திய சட்டையோடு வாந்தி எடுத்தேன். சந்தோஷத்தில் வயிறு கலங்கிவிட்டது என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

லூக்காஸ் சக்கர நாற்காலியில் வந்திருந்தான். அவனிடமும் நான் சொல்லவில்லை. சுட்டவன் அவன். சுடச் சொன்ன கண் என்னுடையது. தன் இடது கால் நியாயமான ஒரு காலையில் போனது என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை வருகிறது. அன்பு ஸால்ட்ஸ் என்று ஆரம்பிக்கும்.

*

மரக்காணத்துக்குத் திரும்பி எட்டு வருஷம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு சின்ன வீடு. ஜெர்மன் கடிதங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அம்மா பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பாள். மற்ற நாளில் முந்தானையால் துடைப்பாள். வருகிறவர்களை அந்தச் சுவருக்கு எதிரே உட்கார வைப்பாள். முப்பது வருஷம் ஊர் அவள் முதுகுக்குப் பின்னால் பேசியதற்கெல்லாம் அந்தச் சட்டம்தான் அவளுடைய பதில். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனவள் என்றார்கள். வெள்ளைக்காரன் நாட்டையே என் பிள்ளை காப்பாற்றினான் என்றாள்.

அதனால்தான் வாய் திறக்கவில்லை. இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பழைய வழக்கம். வேறொருவர் பெயரில் மௌனம்.

போன ஜனவரி. மாமா மகன் சேகர் வந்தான். வார்டு மெம்பர். வெள்ளைச் சட்டை. கையில் போன்.

"மச்சான், குடியரசு தினத்துக்கு நீதான் கொடி ஏத்துற. ஸ்கூல்ல பேசிட்டேன்."

"வேணாம் சேகர்."

"வேணாம்னா? பிளெக்ஸ் அடிச்சாச்சுப்பா. பத்துக்கு எட்டு." போனைக் காட்டினான். நான், சீருடையில், இருபத்தேழு வயதில். பின்னால் ஒரு பீரங்கி, ஒரு புலி, இரண்டு நாட்டுக் கொடி. "உன் மூஞ்சி ஹீரோ கணக்கா வந்துருக்குது. புலி என் ஐடியா."

"அங்க புலியெல்லாம் கெடையாதுடா."

"இருக்கட்டும், ஊர்ல யாரு போயி பாக்கப் போறாங்க? மெடலை மட்டும் மறக்காம போட்டுக்கினு வா. வெறும் சட்டையோட வந்தா ஜனங்க நம்பாது."

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு நாள் போட்டுக்கோயேன்," என்றாள். "நான் பாக்கணும்."

போட்டுக்கொண்டேன்.

இருபத்தாறு. காலை எட்டு நாற்பது. பள்ளிக்கூட மைதானம். முதல் வரிசையில் அம்மா, பச்சைச் சேலை, மடிப்பு கலையாமல். கேட்டுக்குப் பக்கத்தில் உப்பளத்து ஜனங்கள். ஜனவரி, தளம் மிதிக்கும் மாதம். பாத்தியின் களிமண்ணை உப்பு நீர் இறங்காதபடி காலால் மிதித்து இறுக்குவார்கள். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வந்திருந்தார்கள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. அஞ்சலை இருந்தாள். தலையில் துண்டு.

கொடி ஏறியது. மைக்கைக் கொடுத்தார்கள். அது ஒரு தடவை கூவி அடங்கியது.

ஓட்டத்தைச் சொன்னேன். கை தட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். எட்டு வருஷமாக அங்கேதான் நிறுத்தியிருந்தேன். கேட்டுப் பக்கம் பார்த்தேன். அந்தக் கால்களைப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை.

பன்னிரண்டு நிமிஷத்தைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன். கையைச் சொன்னேன். உப்பு வாருகிற மூன்று பேரை நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்றேன். கடைசி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. குவியல்களைக் கண்டதை. தெரியாமல் நடந்துவிட்டது என்று முடித்தேன்.

தலைமையாசிரியர் நல்லவர். மைக்கை வாங்கி, போர் என்றால் இப்படித்தான், இதையும் சொல்வதற்குத் தைரியம் வேண்டும் என்றார். மறுபடி கை தட்டல்.

"ஏன்டா ஜெர்மனி."

மைக் இல்லாத குரல். காற்றுக்கு எதிராக வரப்பிலிருந்து வரப்புக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அஞ்சலை.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"உப்ப கூட்டி வச்சிருந்தாங்களா?"

"வச்சிருந்தாங்க."

"வரிசையாவா, கண்டபடியா?"

சேகர் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டினான். போதும் என்று. யாருக்கு என்று தெரியவில்லை.

"வரிசையா," என்றேன்.

"எத்தினி?"

"பதினேழு."

"அப்ப எண்ணியிருக்க."

அவள் கேட்டை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"எப்ப எண்ணுன? சுடறதுக்கு முன்னயா, பின்னயா?"

ராணுவம் என்னிடம் நாற்பத்து மூன்று கேள்வி கேட்டது. இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை அவர்களுக்கு.

"முன்ன," என்றேன்.

தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "அம்மா, போர்க்களத்துல அதையெல்லாம் அவரு எப்படிம்மா..."

"சார், நீங்க உப்பு வாருனதில்ல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இவன் வாருனவன். என் பக்கத்துப் பாத்தியில ஒம்போது வருஷம். கண்ண கட்டி வுட்டாக்கூட குவியல் எங்க இருக்குதுன்னு காலு சொல்லும்." என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரிஞ்சிருக்குது. ஏன் சொல்லல?"

"பேரு போயிடும்னு."

"என்ன பேரு?"

"அங்க என்னை உப்புன்னு கூப்புடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்களும் சிரிக்கவில்லை. அவள் காறித் தரையில் துப்பினாள். என் மேல் இல்லை. என் மேல் துப்பியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"வாங்கடி, தளம் காஞ்சிரும்," என்றாள். போனார்கள். கேட் வழியாக, ஒருவர் பின் ஒருவராக, வரப்பில் நடக்கிற மாதிரியே. சாலையில்கூட அவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

மிட்டாய் கொடுத்தார்கள்.

வீடு வந்ததும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எழுபது வயது. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சட்டத்தைக் கழற்றினாள். முருகன் படத்தை நடுவாக நகர்த்தி மாட்டினாள். ஆணி அடித்த ஓட்டை தெரிந்தது. அதில் கொஞ்சம் சுண்ணாம்பு அப்பினாள். வெறும் சட்டத்தை என் கையில் கொடுத்தாள்.

"அவங்களுக்கும் அம்மா இருந்திருப்பா," என்றாள். பிறகு சோறு வைத்தாள். அன்றிலிருந்து சோறு வைக்கிறாள். எதிரே உட்காருவதில்லை.

*

இது ஏப்ரல். அளத்தில் உப்பு விளைந்துவிட்டது. போன வாரம் சேகர் அந்தப் பிளெக்ஸை அவிழ்த்து அளத்துக்குக் கொடுத்துவிட்டான். கீற்றுக்குப் பதிலாக இப்போது பிளெக்ஸைத்தான் உப்பு மேல் போர்த்துகிறார்கள். மழை இறங்காது. கல் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறது. பெரிய உப்பு அம்பாரம், அதன் மேல் மல்லாந்து நான், சீருடையில். புலி மடிப்புக்குள் போய்விட்டது. மூக்கின் மேல் ஒரு கல். மார்பின் மேல், பதக்கம் இருக்கும் இடத்தில், காக்கை எச்சம்.

நேற்று விடியலில் போனேன். கூலிக்கு இல்லை. அஞ்சலையிடம் பலகை கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தாள். வரப்பில் சாய்த்திருந்த ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினாள். இழுத்தேன். தோள் மறக்கவில்லை. கம்பு அளந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு வரை கூட்டினேன். பதினேழாவது வரவில்லை. பலகையை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் அவள் பலகை உரசும் சத்தம் கேட்டது. நான் விட்ட இடத்தில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு இது.

அண்ணன் ஒருவன். தம்பி ஒருவன். மச்சான் ஒருவன். மூன்று பேருக்கும் பெயர் உண்டு, என்னிடம் இல்லை.

கழுதை ஒன்று.

லூக்காஸின் இடது கால்.

ஹமீத் என் முகத்தைப் பார்ப்பது. அந்த அறைக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

அம்மாவின் முப்பது வருஷத்துப் பதில்.

பலகைகள் மூன்று. இரண்டு முறிந்தன. ஒன்று முறியவில்லை, அவன் கையோடு புதைத்தார்களா, பிரித்து எடுத்தார்களா, தெரியாது.

உப்புக் குவியல் பதினேழு. அதில் ஒன்று என் தலைக்குப் பதிலாக.

நிமிஷம் நான்கு. ஐந்து நாற்பத்தாறிலிருந்து ஐந்து ஐம்பது வரை.

வார்த்தை ஒன்று.